மூன்று முடிச்சுக் கோழியின் இதயம்

புரட்டாசி சனிக்கிழமை, பெருமாள் சன்னதியில் நின்றுகொண்டு, "சாமி, அந்தக் கோழி சீக்கிரம் செத்துப்போகணும்" என்று வேண்டிக்கொண்டவள் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பக்கத்தில் என் மாமியார் கையில் துளசியோடு கண்ணை மூடி நின்றிருந்தார். நான் என்ன வேண்டுகிறேன் என்று தெரிந்திருந்தால் அங்கேயே என் தலையில் ஒரு குட்டு விழுந்திருக்கும்.

நான் அவசரக்காரி, கோபக்காரி. அது எங்கள் தெருவுக்கே தெரியும். ஆனால் ஒரு உயிர் போக வேண்டும் என்று நினைக்கிறவள் இல்லை. அந்த ஒரு கோழி விஷயத்தில் மட்டும் நினைத்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

நான் வேலை பார்ப்பது ராஜபாளையம் போகிற சாலையில் உள்ள ஒரு சின்ன ஆய்வகத்தில். கோழிகளுக்கு வரும் இதய, நுரையீரல் நோயைப் பற்றிய ஆராய்ச்சி. கல்யாண வீட்டில் இதைச் சொன்னால், "கோழிக்கு ஹார்ட் அட்டாக்கா!" என்று சிரித்துவிட்டுப் பந்திக்கு எழுந்து போய்விடுவார்கள். சிரிக்கிறவர்களைப் பிடித்து உட்கார வைத்து விளக்குவது என் வழக்கம். அதனாலேயே சில சொந்தக்காரர்கள் என்னைக் கண்டால் வேறு வரிசையில் இடம் தேடுகிறார்கள்.

விஷயம் இதுதான். பண்ணைக் கறிக்கோழி படுவேகமாக வளர்கிறது. உடம்பு வளர்கிற வேகத்துக்கு நுரையீரல் ஈடுகொடுப்பதில்லை. குறுகலான அந்த நுரையீரலுக்குள் இரத்தத்தைத் தள்ளித் தள்ளியே இதயத்தின் வலப்பக்கம் வீங்கித் தளர்ந்துவிடும். பிறகு வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். பண்ணைக்காரர்கள் இதைத் "தண்ணி வயிறு" என்பார்கள். வயிறு வீங்கிய பிறகு நோயைச் சொல்ல நான் எதற்கு? யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். கோழி ஜோராகத் தீவனம் கொத்திக்கொண்டிருக்கும்போதே, இதற்கு நெஞ்சு சரியில்லை என்று சொல்ல முடியுமா? அதுதான் என் கேள்வி.

மனிதர்களுக்கு இதற்கு வழி இருக்கிறது. நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் இரத்தம் எடுத்து ட்ரோபோனின் பார்க்கிறார்கள் அல்லவா? அது இதயத் தசையில் இருக்கும் ஒரு புரதம். இதயம் அடிபட்டால் இரத்தத்தில் கசியும். கசிந்ததைக் கண்டுபிடிக்க ஆன்டிபாடி வேண்டும். கூட்டத்துக்குள் புகுந்து, தனக்கு வேண்டிய ஒரு புரதத்தை மட்டும் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் பொருள் அது. ஆனால் நாங்கள் விலைக்கு வாங்கிப் பார்த்த ஆன்டிபாடியெல்லாம் மனிதனுக்கும் எலிக்குமாகச் செய்தவை. கோழியின் புரதத்தை அவை கண்டுகொள்ளவே இல்லை. கோழிக்கென்று நாங்களே செய்துகொள்ள வேண்டியதாயிற்று.

செய்து கொடுத்தது ஒரு முயல். கோழிப் புரதத்தின் ஒரு துண்டை முயலுக்கு ஊசியாகப் போட்டால், "இது நம்ம வீட்டுச் சாமான் இல்லையே" என்று அதன் உடம்பு எதிர்த்து நிற்கும். அந்த எதிர்ப்புதான் ஆன்டிபாடி. அதன் காதிலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்துப் பிரித்தால் நமக்கு வேண்டியது கிடைத்துவிடும். எங்கள் முயலுக்கு முட்டைக்கோஸ் என்றால் உயிர். குணத்தில் என்னைப் போல. யார் தூக்கினாலும் ஒரு உதை நிச்சயம். அந்த முயல் கொடுத்த ஆன்டிபாடி ஒரு சின்னக் குழாய் நிறைய என் கையில் இருந்தது. அது வேலை செய்யுமா செய்யாதா என்பது மட்டும் தெரியாது.

இதெல்லாம் நடந்தது புரட்டாசியில். அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது.

புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் கறி தொடுவதில்லை. கறிக்கடைகளில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். கடையில் விற்காத கோழி பண்ணையில் தேங்கும். கோழி பிடிக்கும் லாரி இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று கம்பெனிக்காரர்கள் இழுத்துக்கொண்டே போவார்கள். பிடிக்க வேண்டிய பருவம் தாண்டியும் கோழிகள் தின்று தின்று கனத்துக்கொண்டிருக்கும். மலைப்பக்கம் மழை இறங்கிக் காற்றும் குளிர்ந்துவிடும். கனத்த உடம்பு, குளிர்காற்று, பலமில்லாத நெஞ்சு. தண்ணி வயிறு அதிகம் வருவது அப்போதுதான். ஊரே கோழியை மறந்திருக்கிற அந்த ஒரு மாதத்தில் எனக்குக் கோழியைத் தவிர வேறு நினைப்பே கிடையாது.

எங்கள் வீடோ ஆண்டாள் கோவிலை ஒட்டிய தெருவில். மற்ற மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு மணக்கும் வீடுதான். புரட்டாசியில் மட்டும் என் மாமியார் கோழி என்ற சொல்லைக்கூட வாயில் எடுக்க மாட்டார். "பறவை" என்பார். சாயங்காலம் நான் பின்வாசலில் வந்து நின்றால், மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு வருவார்.

"ஏட்டி, ஒன் பறவையெல்லாம் எப்படி இருக்கு?"

"ரெண்டு செத்துப்போச்சு அத்தை. அறுத்துப் பார்த்தேன், இதயம் எவ்வளவு பெருசு தெரியுமா!"

"பெருமாளே! வெளக்கு வெக்கிற நேரத்துல என்ன பேச்சு பேசுதா பாரு. மொதல்ல தலைக்கு ஊத்து. இந்த ஒரு மாசம் லீவு போட்டா ஒன் ஆபீசு என்ன இடிஞ்சா விழுந்துரும்?"

இந்த ஒரு மாதம்தான் அத்தை எனக்கு வேலையே என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். அவர் காதில் ஏறவில்லை.

நான் போய்வந்த பண்ணை சோழபுரத்தில் இருந்தது. கம்பெனி குஞ்சும் தீவனமும் கொடுக்கும். வளர்த்துக் கொடுப்பது ஒரு அக்கா. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எங்களிடம் தமிழ், கோழிகளிடம் தெலுங்கு. "ரா ரா" என்று அவர் ஷெட்டுக்குள் நுழைந்தால் வெள்ளை வெள்ளையாக அத்தனையும் திரும்பிப் பார்க்கும். என்னை விட நாலைந்து வயதுதான் மூத்தவர். அதற்கு நாற்பது வயது மூத்தவர் மாதிரி அதட்டுவார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

அந்த ஷெட்டில் சில கோழிகளைப் பொறுக்கியெடுத்து, இறக்கைக்கு அடியில் உள்ள நரம்பிலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்துக்கொண்டோம். இரத்தத்தில் ட்ரோபோனின் கசிந்திருக்கிறதா என்று என் ஆன்டிபாடியை வைத்துப் பார்ப்பது. பிறகு எந்தக் கோழி நோயில் விழுகிறது, எது நன்றாக இருக்கிறது என்று காத்திருப்பது. இரண்டும் ஒத்துப்போனால் ஆன்டிபாடி உண்மை சொல்கிறது என்று அர்த்தம். இதற்குக் கோழிகளைத் தனித்தனியாக அடையாளம் தெரிய வேண்டுமே! நான் வாங்கிப்போன பிளாஸ்டிக் வளையங்களை அவை கொத்திக் கொத்தியே கழற்றிவிட்டன.

அக்காவுக்குப் பக்கத்து வீட்டில் பேண்டேஜ் துணி நெய்கிற தறி ஓடுகிறது. அங்கிருந்து துண்டுத் துணி வாங்கிவந்து, மஞ்சளில் முக்கி, ஒவ்வொரு கோழியின் காலிலும் கட்டினார். ஒன்றுக்கு ஒரு முடிச்சு, அடுத்ததற்கு இரண்டு முடிச்சு என்று கணக்கு. வலது கால், இடது கால் என்று மாற்றிக் கட்டியதில் எல்லாவற்றுக்கும் அடையாளம் கிடைத்துவிட்டது. மஞ்சள் துணியில் மூன்று முடிச்சு விழுந்த கோழியைப் பார்த்ததும் அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"மஞ்சக் கயிறு, மூணு முடிச்சு! கல்யாணமே ஆயிப்போச்சேட்டி. இனிமே இவன் மாப்பிள்ளை."

பெயருக்கு ஏற்ற ஆள்தான். ஷெட்டிலேயே பெரியவன். அகன்ற மார்பு, சிவந்த கொண்டை, நடையில் ஒரு தெனாவெட்டு. மற்றவை தீவனத் தட்டில் முட்டி மோதும். அவன் வந்தால் வழி விடும்.

என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர் சென்னைக்காரர். குரலை உயர்த்தாமலே ஆளை முடித்துவிடுகிற ரகம். ஆன்டிபாடியோடு நான் போய் நின்றபோது சொன்னார்.

"லாரி வந்து கோழியெல்லாம் போயிடுச்சுன்னா, நீங்க எடுத்து வெச்ச ரத்தத்துக்கு அர்த்தமே இல்ல. எது பொழைச்சுது, எது போச்சுன்னு எப்படித் தெரியும்? அதுக்குள்ள இந்த ஆன்டிபாடி வேலை செய்யணும். இல்லேன்னா இதோட நிறுத்திடலாம். வேற தலைப்பு பார்த்துக்குங்க."

வேற தலைப்பு! கத்தரிக்காய் இல்லையென்றால் வெண்டைக்காய் வாங்கு என்பது போலச் சொல்லிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் முயல்கூட அன்றைக்கு என்னை உதைக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

முதல் சோதனை எளிமையானது. இறந்த கோழியின் இதயத்தையும் ஈரலையும் தனித்தனியே அரைத்து, அதிலுள்ள புரதங்களைப் பிரித்து, தாள் போன்ற ஒரு வெள்ளைச் சவ்வில் ஏற்றுவோம். அதன்மேல் ஆன்டிபாடியை ஊற்றினால், இதயம் உள்ள வரிசையில், சரியான இடத்தில், ஒரே ஒரு பழுப்புப் பட்டை தெரிய வேண்டும். ஈரல் வரிசையில் ஒன்றுமே தெரியக் கூடாது. இதில் ஒரு சின்ன வேலை உண்டு. ஆன்டிபாடி சும்மா கிடக்கிற வெற்றுச் சவ்விலும் போய் ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்க முன்கூட்டியே சவ்வைப் பாலில் ஊற வைக்க வேண்டும். ஆமாம், பாலில்தான். வெளிநாட்டு ஆய்வகங்களிலும் இதையேதான் செய்கிறார்கள். ஆனால் அது கொழுப்பு நீக்கிய பால் பவுடராக இருக்க வேண்டும்.

எங்கள் ஆய்வகத்தில் அது தீர்ந்துபோயிருந்தது. எழுதிக் கேட்டு வரவழைப்பதற்குள் லாரி வந்துவிடும். காலி டப்பாவை என் கணவரிடம் கொடுத்து, "இதே மாதிரி, கொழுப்பு இல்லாதது, கடையில வாங்கிட்டு வந்துருங்க" என்றேன். அவர் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் சூப்பர்வைசர். சொன்னதைச் செய்கிற மனுஷன். அடுத்த நாள் டப்பா நிறையப் பவுடரோடு வந்தார். மிச்சம் இருந்தது என்று ஒரு பொட்டலம் அடுப்படிக்கும் போனது.

சவ்வை ஊற வைத்தேன், கழுவினேன், ஆன்டிபாடி ஊற்றினேன். நிறம் வரும் மருந்தைக் கடைசியாக விட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். வந்தது. பட்டை இல்லை. சவ்வு முழுக்கத் திட்டுத்திட்டாக, மழையில் ஊறிய சுண்ணாம்புச் சுவர் மாதிரி பழுப்பு. இதயத்திலும் கறை, ஈரலிலும் கறை, ஒன்றுமே ஏற்றாத வரிசையிலும் கறை.

மறுபடி செய்தேன். மறுபடியும் அதே கறை. ஆன்டிபாடி கண்டதிலெல்லாம் ஒட்டுகிறது என்றால் அது எதற்கும் லாயக்கில்லை. பேராசிரியர் சவ்வை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் முயல் கூண்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். அது பாட்டுக்கு முட்டைக்கோஸ் தின்றுகொண்டிருந்தது.

அடுத்து வந்தது புரட்டாசி சனிக்கிழமை. வீட்டில் தளிகை, பெருமாளுக்குப் படையல். அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் வந்திருந்தார்கள். மாவிளக்கு, புளியோதரை, வடை, பால் பாயசம். எனக்கு எதுவும் இறங்கவில்லை. இலையில் விரலால் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். பாயசத்தை வாயில் வைத்த பக்கத்து வீட்டு ஆச்சி, "என்ன இப்புடிக் கெட்டியா வந்திருக்கு! எந்த வீட்டுப் பாலு?" என்று மாமியாரைக் கேட்டார்.

மாமியார் சிரித்து மழுப்பினார். ஆச்சி நகர்ந்ததும் என் காதோடு சொன்னார். "காலையில பாலு திரிஞ்சு போச்சுட்டி. என்ன செய்ய, ஒன் ஆபீசுக்கு வாங்குன பவுடரு மிச்சம் கெடந்துச்சுல்லா, அம்புட்டையும் கரைச்சு ஊத்திட்டேன். எம்புட்டு ருசி பாத்தியா! தெருவுல சொல்லிராத. பெருமாளுக்குப் பவுடர்ல பாயசம் வெச்சேன்னு தெரிஞ்சா மானம் போயிரும்."

நான் என் டம்ளரைப் பார்த்தேன். ஆறிய பாயசத்தின் மேல் நெய் மினுக்கோடு தடிமனாக ஆடை படிந்திருந்தது. விரலால் தூக்கினேன். துணி மாதிரி மடங்கி வந்தது.

ஆடை எடுத்த பவுடரில் ஆடை எப்படி வரும்?

எச்சில் கையோடு எழுந்தேன். கணவர் வாசலில் பந்திக்கு இலை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு என்ன பவுடர் வாங்குனீங்க?"

"ஏன், நல்ல பவுடர்தான்."

"கொழுப்பு இல்லாததா?"

அவர் முகத்தில் குற்ற உணர்ச்சியே இல்லை. பெருமைதான் இருந்தது. "கடைக்காரர் ரெண்டையும் காட்டுனாரு. அந்தக் கொழுப்பில்லாததுல ஒண்ணுமே கெடையாதும்மா, வெறும் சுண்ணாம்புத்தண்ணி. நம்ம ஊர்ல பொறந்துட்டு அதைப் போயி எவனாவது பாலுன்னு வாங்குவானா? ஒனக்கு முக்கியமான வேலையாச்சேன்னு ஒசந்த சாமானா வாங்கி அந்த டப்பாவுல கொட்டிக் குடுத்தேன்."

பால்கோவா ஊர்க்காரனிடம் கொழுப்பில்லாத பால் வாங்கிவரச் சொன்னது யார் புத்தி? திட்ட வாயைத் திறந்தேன். சிரிப்புத்தான் வந்தது. சிரித்தேன், சிரித்தேன், பந்தியே திரும்பிப் பார்த்தது. ஆன்டிபாடி கெட்டது இல்லை! சவ்வில் படிந்த கொழுப்புதான் திட்டுத்திட்டாகக் கறை பிடித்திருக்கிறது! ஒரு வடையைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். "எலையில பாதியில எந்திரிக்காதட்டி!" என்று மாமியார் கத்துவது தெருமுனை வரை கேட்டது.

கடைக்காரர் கொழுப்பில்லாத பொட்டலத்தைத் தேடி எடுத்துத் தூசி தட்டினார். "இதை யாரும்மா கேக்குறா? வீட்டுல யாருக்கும் ஒடம்புக்கு முடியலையா?" என்று பரிவோடு விசாரித்தார்.

"ஒரு கோழிக்கு நெஞ்சு சரியில்லண்ணே" என்றேன். புரட்டாசி சனிக்கிழமை அதுவுமாக அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

அன்று ஆய்வகத்தில் நான் மட்டும்தான். புதுச் சவ்வு, புதுப் பால். நிறம் வரும் மருந்தை ஊற்றிவிட்டு, பயத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மலைமேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால், பளிச்சென்ற வெள்ளைச் சவ்வில், இதயத்தின் வரிசையில், இருக்க வேண்டிய அதே இடத்தில், ஒரே ஒரு பட்டை. மெல்லிய பழுப்புப் பட்டை. ஈரல் வரிசை சுத்தம். நான் கத்திய கத்தலில் வாட்ச்மேன் ஓடிவந்தார். அவருக்கும் அந்தப் பட்டையைக் காட்டினேன். "நல்லா இருக்கும்மா" என்றார் பாவம்.

அடுத்தது முடிச்சுக் கோழிகளின் இரத்தம். இதற்குப் பட்டை வேண்டியதில்லை. இரத்தத்தின் தெளிநீரை ஒவ்வொரு சொட்டாகச் சவ்வில் வைத்து, அதே போல ஆன்டிபாடி ஊற்றினால், இதயப் புரதம் கசிந்திருக்கும் சொட்டு மட்டும் நிறம் மாறிப் பொட்டாகத் தெரியும். திங்கட்கிழமை பேராசிரியர் முன்னாலேயே செய்தேன். பெரும்பாலான சொட்டுகளில் ஒன்றுமில்லை. ஒன்றிரண்டில் மங்கலான நிழல். ஒரே ஒன்றில் மட்டும், குழந்தை கன்னத்தில் வைக்கிற திருஷ்டிப் பொட்டு மாதிரி கருத்த வட்டம்.

"இது எந்தக் கோழி?" என்றார் பேராசிரியர்.

பார்த்தேன். மூன்று முடிச்சு. மாப்பிள்ளை.

"ஒரு பொட்டை வெச்சு ஒண்ணும் சொல்லிட முடியாது. அந்தக் கோழிக்கு என்ன ஆகுதுன்னு பாருங்க" என்றார். ஆனால் அவர் குரல் முதல்முறையாகக் கொஞ்சம் உயர்ந்தது. வேற தலைப்பு என்ற பேச்சே வரவில்லை.

சோழபுரத்துக்குப் பறந்தேன். அக்கா தீவன மூட்டை பிரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சாக்கைக் கீழே போட்டார்.

"எவனுக்கு? எம் மாப்பிள்ளைக்கா? ஒனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சாட்டி? இந்தா நிக்குதான் பாரு. கொண்டையப் பாரு, செக்கச்செவேல்னு. சீக்குக் கோழியா இது?"

"பார்வைக்குத் தெரியாதுக்கா. அதுக்குத்தானே இந்த டெஸ்டு. கொஞ்ச நாளைக்கு அவனைத் தனியா வெச்சு, தீவனத்தைக் குறைச்சு, குளிர் படாம..."

"சாலு, சாலு, போதும்ட்டி. நல்லாத் திங்குறவன் வயித்தைக் காயப்போடச் சொல்லுதே! நீ வேணாப் பாரு, லாரியில ஏறுற கடைசிக் கோழி அவனாத்தான் இருப்பான். ஒன் முயலு பொய் சொல்லுது."

என் முயலைப் பொய்க்காரி என்றதும் எனக்கும் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. பார்ப்போமே என்றேன். பார்ப்போம்ட்டி என்றார் அவரும். மாப்பிள்ளை எங்கள் இருவருக்கும் நடுவே வந்து நின்று, என் செருப்பைக் கொத்திப் பார்த்தான்.

அடுத்து நான் பண்ணைக்குப் போனபோது அக்கா நெற்றி நிறைய விபூதி. மாப்பிள்ளை பிழைக்க வேண்டும் என்று அய்யனார் கோவிலுக்குப் போய் நேர்ந்துவிட்டு வந்தாராம். அதற்கடுத்த சனிக்கிழமைதான் நான் பெருமாள் முன்னால் நின்று அந்த வேண்டுதலை வைத்தேன். லாரி வருவதற்குள் அவன் சாக வேண்டும். சாகாமல் லாரியேறிவிட்டால், என் ஆன்டிபாடி சரியா தப்பா என்று யாருக்கும் தெரியாமலே போகும். ஒரு கோழிக்காக அய்யனாரை ஒரு பக்கமும் பெருமாளை இன்னொரு பக்கமும் நிறுத்தியிருந்தோம்.

புரட்டாசி முடிகிற சமயம். காலையில் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ராஜபாளையத்துக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளின் கூட்டம். அக்காவிடமிருந்து போன் வந்தது.

"மாப்பிள்ளை போயிட்டான்ட்டி."

"ஐயோ, சூப்பர்க்கா!" என்று கத்திவிட்டேன்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அக்கா போனை வைத்துவிட்டார். வாயை விட்டது அப்புறம்தான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. ஆனால் உள்ளே சந்தோஷம் அடங்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி, எதிரே வந்த ஆட்டோவில் ஏறினேன்.

ஷெட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் சாக்கு விரித்து அவனைக் கிடத்தியிருந்தார் அக்கா. கொண்டை நீலம் பாய்ந்து கிடந்தது. நான் கையுறை போட்டுக்கொண்டு திறந்தேன். வயிற்றிலிருந்து மஞ்சள் நீர் கொட்டியது. இதயத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். வலப்பக்கம் தொளதொளவென்று வீங்கி, இடப்பக்கத்தை விடப் பெரிதாக இருந்தது. சந்தேகமே இல்லை. அத்தனை நாள் ஆசைப்பட்டது கையில் இருக்கிறது. "பாருங்கக்கா, பாருங்க! பொட்டு சொன்னது சரி! இவன் நல்லா இருந்தப்பவே சொல்லிடுச்சு!"

அக்கா இதயத்தைப் பார்க்கவில்லை. குனிந்து அவன் காலிலிருந்த மஞ்சள் துணியின் மூன்று முடிச்சையும் ஒவ்வொன்றாக அவிழ்த்தார். அவிழ்த்த துணியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"சரிட்டி. நீ ஜெயிச்சுட்டே. எனக்கு ஒண்ணு செய்யி. அடுத்த பேட்ச் வருதுல்லா, அதுல எவனுக்குப் பொட்டு விழுதுன்னு எனக்கு முன்னாலயே சொல்லு. நீ சொல்லுத மாதிரியே நான் பாத்துக்கிடுதேன். ஆனா நீ தோக்கணும். சாவும்னு நீ சொன்னவன் சாவக்கூடாது."

நான் இத்தனை நாள் எதற்காக இந்த ஆன்டிபாடியைச் செய்தேன் என்று ஒரு நிமிஷம் எனக்கே மறந்துபோயிருந்தது. அதை அவர் ஞாபகப்படுத்திவிட்டார். சரியென்று தலையாட்டினேன்.

சாயங்காலம் பின்வாசலில் மாமியார் மஞ்சள் தண்ணீரோடு நின்றார். நடந்ததைச் சொன்னேன். "பாவம்ட்டி அந்தக் கோழி" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஐப்பசியில் புதுக் குஞ்சுகள் வந்தன. அவை வளர்ந்ததும் இரத்தம் எடுத்தோம், முடிச்சுப் போட்டோம். கொழுப்பில்லாத பால் பவுடரை இந்த முறை நானே போய் வாங்கினேன். இரண்டு முடிச்சுக்காரன் ஒருவனுக்கு நல்ல கருத்த பொட்டு விழுந்தது. இவன் மாப்பிள்ளையைப் போல அழகன் இல்லை. ஒல்லிக் கழுத்து, எந்நேரமும் சண்டை. அக்கா அவனுக்கு மச்சான் என்று பெயர் வைத்தார். ஷெட்டின் ஒரு மூலையில் தனி அடைப்பு, அளந்து போடும் தீவனம், குளிர்ந்த காற்று அவன்மேல் அடிக்காதபடி இறக்கிய படுதா. நான் போகும்போதெல்லாம் அவன் வயிற்றைத் தடவிப் பார்ப்பேன். வீங்கவில்லை என்றால் எனக்கு வருகிற நிம்மதியை என்னாலேயே நம்ப முடியவில்லை. பெருமாளிடம் போய் முந்தைய வேண்டுதலை ரத்து செய்துவிட்டும் வந்தேன்.

லாரி வந்த அன்று நான் அதே பஸ்ஸில் இருந்தேன். போன் அடித்தது.

"ஏட்டி, தோத்துட்டே!" அக்காவின் குரலில் ஷெட்டே அதிர்ந்திருக்கும். "மச்சான் லாரி ஏறிட்டான்! தூக்கி விடும்போது எங்கையக் கொத்திட்டுப் போறான் திமிரு புடிச்சவன்! நீ தோத்துட்டேட்டி!"

ஒரு கோழியை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று பேராசிரியர் சொல்வார். அதுவும் சரிதான். இன்னும் எத்தனையோ பேட்ச் பார்க்க வேண்டும். லாரி ஏறிய கோழி எங்கே போகும் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அன்றைக்குப் பஸ்ஸில் மறுபடியும் கத்தினேன். போன முறை திரும்பிப் பார்த்த அதே பிள்ளைகள் இந்த முறையும் திரும்பினார்கள். "என்னக்கா, பாஸாயிட்டீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இல்லம்மா, தோத்துட்டேன்" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் அரைக் கிலோ பால்கோவா வாங்கினேன், ஆடை எடுக்காத பாலில் செய்ததுதானா என்று கேட்டு.